ஹரியற் அம்மையாரின் போர்வைகளும் அம்மம்மாவின் விரிப்பும்



எமது சங்கத்தின் நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தரவேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, நாம் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ எழுதுவோம் என்றுதான் அவர் எண்ணியிருப்பார். மருத்துவரிடம் வேறு எதை எதிர்பார்ப்பது? அவற்றை எழுத வேறு பலர் இருக்கிறார்கள். நாம் எழுத விரும்பியது தையல் ஊசி பிடித்த ஒரு பெண்மணியைப் பற்றி. அவர் தீவகத்தவர் அல்லர்; தமிழரும் அல்லர். ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்து, 1910ஆம் ஆண்டின் முதல் நாளில் மறைந்த ஹரியற் பவர்ஸ் அம்மையார். அவருக்கும் எமது பாடசாலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். வாசித்து முடித்த பின் நீங்களே சொல்லுங்கள்.

எமது பாடசாலையின் மனையியல் அறையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கடற்காற்றில் துருப்பிடித்த யன்னற் கம்பிகள், மூலையில் கால்மிதியுடன் ஒரு பழைய சிங்கர் மெசின், மேசையில் குண்டூசிப் பெட்டி. அனலைதீவிலிருந்தும் எழுவைதீவிலிருந்தும் வந்த பிள்ளைகள் உறவினர் வீடுகளில் தங்கிப் படித்த காலம் அது. காரைநகர்ப் பக்கத்திலிருந்து வரும் ஆசிரியைகள் பாதையில் ஏறிக் கடலைக் கடந்து ஊர்காவற்றுறைத் துறையில் இறங்குவார்கள். நூலோட்டம், பின்தையல், சங்கிலித் தையல், கம்பளித் தையல் என்று ஒவ்வொன்றையும் சிறு மாதிரித் துணியில் தைத்துக் காட்டி ஒப்பம் வாங்கவேண்டும். தையல் கோணினால் பிரிக்கவேண்டும். அப்படிப் பிரித்துப் பிரித்தே பழுப்பேறிய துணிகள் எத்தனை!

எமது வகுப்பில் இருந்தவர்கள் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் ஒஸ்லோவிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். ஒருத்தி பொஸ்ரனில் இருக்கிறாள். 2021ஆம் ஆண்டின் பிற்பகுதியில், கொரோனாக் காலத்துக் கடமை முடிந்து களைத்து வந்த ஓர் இரவில் அவளுடைய காணொளி அழைப்பு வந்தது. அங்கே அப்போது பகல். பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையில் நின்றுகொண்டு கைத்தொலைபேசியை ஒரு சுவரை நோக்கித் திருப்பினாள். அங்கே துணியால் செய்த இரண்டு பெரிய போர்வைகள். மனிதர், மிருகங்கள், பறவைகள், சூரியன், நட்சத்திரங்கள் எல்லாம் துணியில் வெட்டித் தைக்கப்பட்டிருந்தன. இரண்டையும் தைத்தவர் ஒருவரே என்றும், இரண்டும் ஒன்றாகக் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பது இதுதான் முதல் தடவை என்றும் சொன்னாள். பிறகு, உன் அம்மம்மாவின் விரிப்பு நினைவிருக்கிறதா என்று கேட்டாள். நாம் பதில் சொல்லவில்லை. அந்த விரிப்பின் கதையைக் கடைசியில் சொல்வோம்.

போர்வை என்னும் வேலை

அமெரிக்கர் குவில்ற் என்று சொல்லும் போர்வைக்குத் தமிழில் நேரான சொல் இல்லை. எமது வெயிலுக்கு அது தேவைப்படவும் இல்லை. மூன்று படைகள் கொண்டது அது. மேற்படை துண்டுத் துணிகளை இணைத்துச் செய்யப்படும். நடுவில் பஞ்சு. அடியில் ஒரு முழுத்துணி. மூன்றும் நகராதபடி மேலிருந்து கீழாக ஊடுருவி நெருக்கமான நூலோட்டம் போடுவார்கள். தேய்ந்த சட்டை, கிழிந்த பாவாடை, வெட்டி மிஞ்சிய சீத்தைத் துணி எல்லாம் மேற்படைக்குப் போகும். அதாவது குளிருக்குப் போர்த்திக்கொள்ள ஏழைவீடு கண்ட வழி. ஹரியற் அம்மையார் துண்டுகளை வெறுமனே இணைத்துவிடவில்லை; அவற்றை உருவங்களாக வெட்டி வேறொரு துணியின் மேல் வைத்துத் தைத்தார். நாம் மனையியலில் படித்த ஒட்டுவேலைதான் அது. மேற்கு ஆபிரிக்காவின் தகோமி அரசில், இன்றைய பெனின் நாட்டில், அரசரின் வரலாற்றை இப்படித் துணியில் வெட்டித் தைக்கும் வழக்கம் இருந்தது. அந்தக் கைவழக்கத்தின் சாயலை அம்மையாரின் வேலையில் காண்கிறார்கள் அறிஞர்கள்.

பிறப்பும் படிப்பும்

ஹரியற் அம்மையார் 1837ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29ஆம் திகதி ஜோர்ஜியாவின் அதென்ஸ் நகரை அண்டிய பகுதியில் பிறந்தார். பருத்தி விளையும் மண் அது. விதைப்பதும் களை பிடுங்குவதும் பஞ்சு எடுப்பதும் அடிமைகளின் வேலை. விளைச்சல் முழுவதும் சொந்தக்காரருக்கு. அடிமைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பதை ஜோர்ஜியா 1829இல் சட்டத்தாலே தடைசெய்திருந்தது. அந்தத் தடையின் நடுவிலும் பதினொரு வயதில், பண்ணைக்காரரின் பிள்ளைகளின் உதவியோடு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கினார் அந்தச் சிறுமி. மிச்சத்தைத் தாமாகவே கற்றார்.

பள்ளிக்கூடம் வீட்டு வாசலில் இருந்தும் பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலம் தீவகத்திலும் இருந்ததுதான். எமது பாட்டிமாரில் சிலர் தம்பிமாரின் சிலேற்றை எட்டிப் பார்த்தே அரிச்சுவடி கற்றார்கள். ஆனால் வாசிப்பதே குற்றம் என்றிருந்த இடத்தில் வாசித்த பிள்ளையின் துணிவு வேறுவகை.

1855இல் ஆம்ஸ்ரெட் பவர்ஸ் என்பவரை மணந்தார். அப்போது இருவரும் அடிமைகளே. குறைந்தது ஒன்பது பிள்ளைகளைப் பெற்றார்; அவர்களிற் பலரைச் சிறு வயதிலேயே இழந்தார். மகப்பேற்று விடுதியில் வேலை செய்த எமக்கு இந்த வரியை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவது எளிதாக இல்லை. 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை வந்தபோது அம்மையாருக்கு வயது இருபத்தேழு. வாழ்வின் முதற் பாதியில் அவருடைய கையின் உழைப்பு அவருக்குச் சொந்தமாக இருக்கவில்லை.

அறுபத்துநான்கு பரப்பு

விடுதலைக்குப் பின் நிலமில்லாதோர் பலர் பிறர் நிலத்தில் பங்குக்குப் பயிர்செய்து கடனிலேயே கிடந்தனர். பவர்ஸ் குடும்பம் 1880களில் அதென்ஸ் நகருக்கு வெளியே நாலு ஏக்கர் காணியைச் சொந்தமாக்கிக்கொண்டது. எமது கணக்கில் அறுபத்துநான்கு பரப்பு. சில கால்நடைகளும் கமத்துக்கான கருவிகளும் இருந்தன. அடிமையாய்ப் பிறந்தவர் சொந்தக் காணியில் நிற்பது எப்படிப்பட்ட உணர்வு என்பதை, உறுதியைத் தகரப் பெட்டியில் வைத்து இடம்பெயர்ந்து ஓடிய எமக்குச் சொல்லத் தேவையில்லை.

குடிசன மதிப்பீட்டுப் பதிவேட்டில் கணவர் கமத் தொழிலாளி. மனைவி வீடு பார்ப்பவர். வீடு பார்ப்பவர் என்ற அந்தச் சொற்களுக்குள் எவ்வளவு வேலை அடங்கியிருக்கிறது என்பதை எம் தாய்மாரின் நாளைப் பார்த்தவர்கள் அறிவார்கள். விடிய முன் அடுப்பு மூட்டவேண்டும். தண்ணீர் சுமக்கவேண்டும். அந்தப் பகுதியின் சிறு கமக்காரர் வீட்டுத் தோட்டங்களில் சோளம், வற்றாளை, கவுப்பி, கீரை, பூசணி, வெண்டி விளையும். வெண்டியும் கவுப்பியும் ஆபிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களோடு வந்து அந்த மண்ணில் வேரூன்றியவை. வசந்தத்தில் பருத்தி விதைப்பு. கோடை முழுவதும் மண்வெட்டியோடு களை. ஆவணி கடைசியில் பஞ்சு வெடித்தால் குளிர் வரும்வரை குனிந்த முதுகு நிமிராது. பருத்திக் காயின் உலர்ந்த முனைகள் விரல் நுனியைக் கிழிக்கும். அந்த விரல்கள்தான் இரவில் ஊசி பிடித்தன.

பருத்தி வேலை ஓய்ந்த குளிர்காலமே போர்வைக்காலம். தென்மாநில வீடுகள் பலவற்றில் போர்வைச் சட்டத்தைக் கூரையிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டிருப்பார்கள். பகலில் மேலே ஏற்றிவிட்டால் சிறிய அறையில் நடமாட இடம் கிடைக்கும். இரவில் இறக்கினால் அடுப்பு வெளிச்சத்தில் பெண்கள் சுற்றியிருந்து தைப்பார்கள். அம்மையாரின் போர்வைகளில் கைத்தையலும் உண்டு, மெசின் தையலும் உண்டு. மெசினை மதிக்காமல் கைத்தையலையே பெரிதாகச் சொன்ன எங்கள் ஆசிரியைகள் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

அம்மையாரின் படம் ஒன்று இருக்கிறது. 1890களின் பிற்பகுதியில் எடுத்தது. நிமிர்ந்து நிற்கிறார். முகத்தில் சிரிப்பில்லை. இடுப்பில் கட்டிய ஏப்ரனில் நட்சத்திரம் முதலிய வானத்து உருவங்களை வெட்டித் தைத்திருக்கிறார். படம் பிடிக்கப் போகும்போது எதை உடுப்பது என்று எண்ணி, தன் கைவேலையையே உடுத்திக்கொண்டு போனவர்.

ஐந்து டொலர்

1886இல் அதென்ஸ் நகரில் பருத்திக் கண்காட்சி ஒன்று நடந்தது. அங்கே அம்மையாரின் போர்வை ஒன்று தொங்கியது. வேதாகமப் போர்வை என்று இன்று உலகம் அதை அழைக்கிறது. பதினொரு கட்டங்கள். ஏதேன் தோட்டத்தில் ஆதாமும் ஏவாளும், ஆபேலைக் கொல்லும் காயீன், யாக்கோபின் ஏணி, இயேசுவின் ஞானஸ்நானம், முப்பது வெள்ளிக்காசுகளோடு யூதாஸ், கடைசி இராப்போசனம், சிலுவை, திருக்குடும்பம் என்று கதை நகர்கிறது. யானை, ஒட்டகம், பாம்பு எல்லாம் எளிய வெட்டில் உயிரோடு நிற்கின்றன.

அதைப் பார்த்து நின்றுவிட்டார் ஜெனி சிமித் என்னும் வெள்ளைக்காரப் பெண்மணி. அதென்ஸிலிருந்த லூசி கொப் பெண்கள் கல்லூரியின் சித்திர ஆசிரியை. பாரிஸ்வரை சென்று சித்திரம் பயின்றவர். தைத்தவர் யாரென்று தேடிக் கண்டுபிடித்து விலை கேட்டார். எந்த விலைக்கும் தரமாட்டேன் என்று அம்மையார் மறுத்துவிட்டார்.

சில ஆண்டுகளில் பருத்தி விலை விழுந்தது. கையில் காசில்லை. போர்வையை விற்கத் தயார் என்று அம்மையார் சொல்லியனுப்பினார். அப்போது வாங்குவதற்கு ஆசிரியையிடமும் பணம் இருக்கவில்லை. பின்னர் அவரே அழைத்தபோது, 1891ஆம் ஆண்டளவில், ஹரியற் அம்மையார் மாட்டு வண்டிலில் வந்து இறங்கினார். மடியில் போர்வை. அதைத் தோய்த்த கோதுமை மாப் பையில் சுற்றி, மேலே ஒரு சாக்கும் போட்டுக் கொண்டுவந்திருந்தார். பிள்ளையைச் சுற்றிக் கொண்டுவருவதுபோல் என்றுதான் எமக்குத் தோன்றுகிறது.

பத்து டொலர் கேட்டார். ஆசிரியை ஐந்துதான் தரமுடியும் என்றார். அம்மையார் வெளியே போய்க் கணவரோடு பேசிவிட்டுத் திரும்பினார். காலம் கெட்டிருப்பதால் கொடுத்துவிடுவது நல்லது என்று கணவர் சொல்வதாகக் கூறி ஐந்து டொலருக்குக் கொடுத்தார்.

இதோடு கதை முடிந்திருந்தால் ஏழையின் பொருள் பாதி விலைக்குப் போன இன்னொரு கதையாகவே இருந்திருக்கும். கொடுக்கும்முன் அம்மையார் ஒவ்வொரு கட்டத்தையும் தொட்டு விளக்கம் சொன்னார். ஆசிரியை அதை எழுதிக்கொண்டார். அதன் பின்னரும் அம்மையார் பல தடவை அந்த வீட்டுக்குப் போய்த் தன் போர்வையைப் பார்த்துவிட்டு வந்தார். வெட்டி மிஞ்சும் துணித் துண்டுகளையெல்லாம் உங்களுக்கே சேர்த்து வைப்பேன் என்று ஆசிரியை வாக்குக் கொடுத்த பிறகே மனம் ஓரளவு ஆறியதாம்.

அந்தப் பேரத்தில் ஜெனி சிமித் செய்தது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வோம். கேட்ட விலையின் பாதியைத்தான் கொடுத்தார். ஆனால் உட்கார்ந்து கேட்டு எழுதியதும் அவர்தான். அவர் எழுதியிராவிட்டால் இன்று அந்தக் கட்டங்களில் நிற்பவர்கள் யார் என்பதை எம்மால் ஊகிக்கத்தான் முடியும். 1895இல் அற்லாண்டா நகரில் நடந்த பெரிய பொருட்காட்சியிலும் அந்தப் போர்வை வைக்கப்பட்டது. ஆசிரியை அதை வாழ்நாள் முழுவதும் காத்து வைத்திருந்தார். அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், 1960களின் இறுதியில், அது வாசிங்ரனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்தது.

வானத்தின் கணக்கு

இரண்டாவது போர்வையில் பதினைந்து கட்டங்கள். யோபு, யோனா, மோசே உயர்த்திய பாம்பு என வேதாகமக் கதைகள் இதிலும் உண்டு. ஆனால் நாம் நெடுநேரம் பார்த்தது மற்றக் கட்டங்களைத்தான். அம்மையார் தம் ஊரின் காலக்கணக்கை அங்கே தைத்து வைத்திருக்கிறார்.

1780 மே 19ஆம் திகதி அமெரிக்காவின் வடகிழக்கில் பட்டப்பகல் இருண்டது. கோழிகள் கூட்டுக்குத் திரும்பின. காட்டுத் தீயின் புகையே அதற்குக் காரணம் என்று இன்று கருதுகிறார்கள். 1833 நவம்பர் 13ஆம் திகதி விடியற்புறத்தில் வானத்திலிருந்து எரிகற்கள் மழைபோல் கொட்டின. அது லியோனிட் என்னும் எரிகல் மழை. ஏறத்தாழ 33 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனை நெருங்கும் ஒரு வால்வெள்ளி விட்டுச்சென்ற துகள்களால் வருவது. உலகம் முடிகிறது என்று மக்கள் முழங்காலில் விழுந்தார்கள். இந்த இரண்டும் அம்மையார் பிறக்கும் முன் நடந்தவை. அவர் காதால் கேட்டுக் கையால் தைத்தவை. 1846இன் சிவந்த இரவு அவர் சிறுமியாயிருந்த காலத்தது.

1895 பெப்ரவரி 10ஆம் திகதிக்குரிய கடுங்குளிருக்கு ஒரு கட்டம். செபம் செய்தபடி உறைந்த பெண், படலையடியில் உறைந்த பெண், மாப் பையோடு உறைந்த ஆண், சாராயக் குடத்தருகே உறைந்தவன், கோவேறு கழுதையின் மூச்சில் தொங்கும் பனிக்கட்டி, செத்து விழுந்த நீலக் குருவிகள். இன்னொரு கட்டத்தில் பெற்ஸ் என்ற பெயருடைய பெண்பன்றி; ஜோர்ஜியாவிலிருந்து வேர்ஜினியாவுக்கு ஐந்நூறு மைல் ஓடியது என்பது கதை. அடிமைகள் தப்பி ஓடிய திசை வடக்கு என்பதை அறிந்தவர்களுக்கு அந்தப் பன்றி வெறும் பன்றியாகத் தெரியாது.

எமது தீவுகளில் பெரியவர்கள் வயதைச் சொல்லும் விதம் உங்களுக்கு நினைவிருக்கும். 1964 மார்கழிப் புயல் அடித்த வருடம் நான் கைக்குழந்தை என்பார்கள். சுனாமிக்கு அடுத்த வருடம் கலியாணம் என்பார்கள். மருத்துவமனைப் பதிவேட்டில் எழுதப் பிறந்த திகதி கேட்டால் இப்படித்தான் விடை வரும். படித்த நாம் அதைக் கேட்டுச் சிரித்ததுண்டு. ஹரியற் அம்மையாரின் போர்வையைப் பார்த்த பிறகு சிரிப்பதில்லை. பெரிய துன்பங்களை நட்டக் கல்லாக வைத்து வாழ்வை அளந்தவர்களின் கணக்கு அது.

1898இல் அற்லாண்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர்களின் மனைவிமார் இந்தப் போர்வையை ஒரு மதகுருவுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். அவர் குடும்பத்தின் கையிலிருந்து ஒரு கலைச் சேகரிப்பாளரிடம் போய், 1964இல் பொஸ்ரன் நூதனசாலையை அடைந்தது.

ஒரு கடிதம், ஒரு கல்

அம்மையாரின் கடைசிக் காலம் சுகமானதல்ல. 1890களில் காணி துண்டு துண்டாகக் கைவிட்டுப் போனது. கணவரும் பிரிந்து போனார். வயது அறுபதை நெருங்கிய நிலையில் தனியாக நின்று, தையலாற் கிடைத்த வருவாயில் வாழ்ந்தார். எழுபத்திரண்டாவது வயதில் மறைந்தார்.

பிறகு மறதி. நூதனசாலைகளில் போர்வைகள் புகழ் பெற்றபோதும் அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றே நூல்கள் எழுதின. இறந்த ஆண்டையும் 1911 என்று பிழையாக அச்சிட்டன. 2005இல் அதென்ஸ் நகரின் கறுப்பின மக்களுக்கான பழைய மயானமொன்றில், புதர் மூடிக்கிடந்த அவருடைய கல்லறைக்கல் கண்டெடுக்கப்பட்டது. 2009இல் கைரா ஹிக்ஸ் என்னும் ஆய்வாளர் வெளியிட்ட நூலால் இன்னொன்று தெரியவந்தது. 1896இல் அம்மையார் ஐயோவா மாநிலத்துப் பெண்மணி ஒருவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பதினொரு வயதில் வாசிக்கக் கற்ற செய்தி அதிலிருந்துதான் எமக்குக் கிடைக்கிறது. தாம் தைத்த வேறு போர்வைகளையும் அதில் சொல்கிறார். அவற்றுள் ஒன்று கடைசி இராப்போசனத்தைக் காட்டுவது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வைரவடிவத் துண்டுகளால் ஆனது. அந்தப் போர்வை இன்றுவரை கண்டெடுக்கப்படவில்லை.

எண்ணிப் பாருங்கள். துணியைப் பார்த்தவர்கள் இலட்சக்கணக்கானோர். அவருக்கு எழுத்துத் தெரியும் என்பதை உலகம் அறிய நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

அம்மம்மாவின் விரிப்பு

இனி எம் அம்மம்மாவின் விரிப்பு.

தீவில் எம் வளவு சிறியது. கிணற்றடியில் வாழை, வேலியோரம் பூவரசும் முருங்கையும், பின்பக்கம் பனை. நல்ல தண்ணீருக்கு ஊருக்குள் நடக்கவேண்டும். வளவுக் கிணறு சற்று உவர். அந்த உவர்த் தண்ணீரிலும் அம்மம்மா மரவள்ளியும் கத்தரியும் மிளகாயும் எழுப்பினார். காலையும் மாலையும் தோட்டம். வெயில் உச்சியில் திண்ணையில் இருந்து தையல். பழைய நூற்சீலைகளை மடித்துப் படையாக வைத்து, மேலே துண்டுகள் வைத்து, நூலோட்டம் போட்டு ஒரு விரிப்புச் செய்திருந்தார். அவருடைய தாயின் சீலை, தாத்தாவின் வேட்டிக் கரை, அம்மாவின் பாடசாலைச் சீருடை. இந்த மூன்றுதான் எமக்குத் தெரியும். அதில் இருபதுக்கு மேற்பட்ட துண்டுகள் இருந்தன.

1990களின் தொடக்கத்தில் தீவை விட்டு வெளியேறியபோது பாத்திரங்களைப் பொட்டலமாகக் கட்டியது அந்த விரிப்பில்தான். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, மழையில் வலிகாமமே தென்மராட்சியை நோக்கி நகர்ந்தபோது தம்பியின் தலைக்கு மேல் பிடித்தது அதைத்தான். அடுத்த ஆண்டு யாழ்ப்பாணம் திரும்பினோம். மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கில் படிப்பு. சிமினியில் கரி படியும். துடைக்க மெல்லிய துணி வேண்டும். ஒருநாள் பரீட்சை அவசரத்தில் நாம் அந்த விரிப்பின் ஒரு மூலையைக் கிழித்தோம். அடுத்த கிழமை இன்னொரு மூலை. அம்மம்மா பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் சொல்லவில்லை. படிக்கிற பிள்ளைக்கு வெளிச்சம் வேண்டும் என்று எண்ணியிருக்கலாம். சில மாதங்களில் விரிப்பு முடிந்துவிட்டது.

நாம் மருத்துவபீடத்தில் சேர்ந்த பின்னர்தான் அம்மம்மா காலமானார். நோயாளியிடம் வரலாறு கேட்டு எழுதுவதே மருத்துவத்தின் முதற் பாடம். எப்போது தொடங்கியது, முன்பு இருந்ததா, வீட்டில் வேறு யாருக்கும் உண்டா என்று ஆயிரக்கணக்கானோரிடம் கேட்டிருக்கிறோம். அந்தத் துண்டுகள் யார் யாருடையவை என்று அம்மம்மாவிடம் ஒருநாளும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்து கேட்டு எழுதிக்கொள்ள எமக்கு ஐந்து டொலரும் தேவைப்பட்டிருக்காது.

ஹரியற் அம்மையாரின் வேலை நிலைத்தது அவருடைய திறமையால். அதன் பொருள் நிலைத்ததோ ஒருவர் கேட்டு எழுதியதால். எம் தாய்மாரிடமும் பாட்டிமாரிடமும் திறமைக்குக் குறைவிருக்கவில்லை. கேட்டு எழுதியவர்கள்தான் குறைவு. போரும் இடப்பெயர்வும் பலவற்றை எரித்தன. மிச்சத்தில் ஒரு பகுதியை எம் அவசரமும் கிழித்தது.

ஆகவே பழைய மாணவிகளாகிய உங்களிடம் ஒரு சிறு வேண்டுகோள். உங்கள் வீட்டில், அது கனடாவின் நிலக்கீழ் அறையாகவோ நயினாதீவின் ஓட்டு வீடாகவோ இருக்கட்டும், யாரோ ஒரு பெண்ணின் கைபட்ட துணி ஒன்று இருக்கும். பூத்தையல் தலையணை உறை, குருசுத் தையல் மேசைவிரிப்பு, பிள்ளைக்கு ஏணை கட்டிய சீலை, பாடசாலையில் ஒப்பம் வாங்கிய மாதிரித் துணி, எதுவாகவும் இருக்கலாம். அதை எடுங்கள். தெரிந்த மூத்தவர் ஒருவரிடம், அவர் உயிரோடு இருக்கும்போதே, யார் தைத்தது, எந்த ஊரில், எந்த வருடம், எந்தச் சீலையிலிருந்து வந்த துண்டு என்று கேளுங்கள். விடையை ஒரு நாடாவில் எழுதித் துணியின் மூலையில் தைத்துவிடுங்கள். நூற்றாண்டு விழா ஒன்றுகூடலுக்கு வருபவர்கள் அதையும் எடுத்து வாருங்கள். பழைய மனையியல் அறையில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு விரித்து வைப்போம். கோணல் தையல் என்று யாரும் பிரிக்கச் சொல்லமாட்டார்கள்.

எம்மிடம் கொண்டுவர விரிப்பு இல்லை. தெரிந்த மூன்று துண்டுகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருவோம்.